ஆதிச்சநல்லூரிலிருந்து கொற்கைக்கு: பனிக்காலத்தில் ஒரு பழைய வழியை நடந்து பார்ப்பது எப்படி

ரோமானியர் போட்ட சாலைகளைத் தேடி நடப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கி.மு. 312இல் தொடங்கப்பட்ட ஆப்பியா சாலை போன்றவை கல் பாவி, கூடியவரை நேர்கோட்டில் இழுத்து, தொலைவு பொறித்த தூண்களை நட்டுப் போடப்பட்டவை ஆதலால், இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் கால் வைத்த இடம் சாலைதானா என்ற ஐயம் எழுவதில்லை. தாமிரபரணியாகிய பொருநையின் கரையில் அந்த வசதி கிடையாது. கப்பலில் வந்த யவன வணிகர் முத்துக்காகத் தேடிய கொற்கையும், மாண்டவரை இட்ட தாழிகளோடு செம்பும் இரும்பும் பொன்னும் புதைந்து கிடந்த ஆதிச்சநல்லூரும் ஒரே ஆற்றின் கரையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இவற்றிடையே ஆளும் மாடும் வண்டியும் போன தடம் இன்று வயல் வரப்பாகவும் வாய்க்கால் கரையாகவும் குளத்தங்கரையாகவும் ஊர்ச் சாலையாகவும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து, மார்கழிக்கும் மாசிக்கும் இடைப்பட்ட பனிக்காலத்தில் இரண்டு நாளில் நடந்து முடிப்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்தச் சீமையில் பழைய வழி நேர்கோட்டைப் பார்த்துப் போவதில்லை, நீரைப் பார்த்துப் போகிறது. ஆறு வளைந்தால் அதுவும் வளையும்; குளம் குறுக்கிட்டால் கரைமேல் ஏறிச் சுற்றிக்கொண்டு இறங்கும். ஆகவே கைபேசி வரைபடம் காட்டும் குறுகிய வழியை விட, ஆற்றையோ வாய்க்காலையோ கண்ணில் வைத்துக்கொண்டு நடப்பதே சரியான வழி. வடக்கே தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நட்ட கல்லில் 'நாவற்தாவளத்துக்குக் காதம் 29' என்று எழுதி, எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்க்கும்படி இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் வெட்டியிருக்கிறார்கள். நாம் நடக்கப்போகும் வழியில் அப்படிப்பட்ட கல்லை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே படித்துறையும் மருதமரமும் குளத்து மடையும்தான் தொலைவு காட்டும் கற்கள்.

எந்த நாளில் கிளம்புவது

பனிக்காலம் என்றதும் மார்கழி முதல் தேதியே பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது தவறு. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முழுதும் இங்கே எப்போது வேண்டுமானாலும் வரக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பதிவாயிற்று. தாமிரபரணியின் கரைகள் உடைந்தன. ஏரல் நீரில் மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோயிற்று. மார்கழி பிறந்த அன்றும் மறுநாளும் நடந்தவை இவை. ஆகையால் மார்கழியின் பிற்பாதியில் தொடங்கித் தை முடியும் வரை உள்ள நாட்களே நல்லவை என்பது என் கருத்து. அப்போதும் முந்தைய ஒரு வாரத்தில் பாபநாசம் அணையிலிருந்து நீர் திறப்பு, கனமழை எச்சரிக்கை ஆகிய செய்திகளைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். வெள்ளத்துக்கு முன்பு நடந்தவர்கள் சொன்ன கரைப்பாதைக் குறிப்புகளை அப்படியே நம்பவும் கூடாது. கரை உடைந்து மீண்டும் மண் கொட்டிய இடங்களில் பழைய ஒற்றையடிப் பாதை இடம் மாறியிருக்கும்.

தை மாதத்திலும் இரண்டு நாட்களைத் தவிர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தை அமாவாசையன்று ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் பெருங்கூட்டம் கூடும். அன்று ஏரலில் பேருந்திலும் இடம் கிடைக்காது, கடையிலும் இலை கிடைக்காது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நெடுஞ்சாலையில் இரவும் பகலுமாக நடப்பார்கள். அந்த நாட்களில் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும் என்பது நல்லது. அமைதியாக வயலைப் பார்த்து நடக்கலாம் என்று வந்தவருக்கு அது பொருந்தாது.

நெல்லைச் சீமைப் பனிக்கு மலைநாட்டுக் குளிர் இல்லை. அதிகாலையில் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் இருக்கும். பத்து மணிக்குள் வெயில் சட்டையை நனைத்துவிடும். நண்பகலில் 30ஐத் தொடும். சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதித்து, மாலை ஆறேகாலை ஒட்டி மறைகிறது. ஆகவே இந்தப் பயணத்தின் உண்மையான நடைநேரம் காலை ஆறிலிருந்து பத்தரை வரையும், மாலை மூன்றரையிலிருந்து ஆறு வரையுமே ஆகும். இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தை நிழலுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுவிட வேண்டும். முதல் முறை நான் போனபோது இதைக் கணக்கில் வைக்காமல், ஒன்பது மணிக்கு ஆதிச்சநல்லூரில் இறங்கி, பறம்பு எனப்படும் புதைமேட்டைச் சுற்றிப் பார்த்து, பன்னிரண்டேகாலுக்கு ஸ்ரீவைகுண்டம் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நடை சாத்தியாகிவிட்டது. மாலை நடை திறக்கும் வரை கோபுர நிழலில் உட்கார்ந்து குதிகாலில் கண்ட கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அன்றைய பயணம். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் மூடி மாலையில்தான் திறக்கின்றன என்பதை வைத்து, பார்க்க வேண்டிய கோயிலிலிருந்து பின்னோக்கி மணியை எண்ணிப் புறப்பாட்டை முடிவு செய்ய வேண்டும். மார்கழியில் மட்டும் ஒரு சலுகை உண்டு: விடியுமுன்னே நடை திறந்து, திருப்பாவையும் பொங்கலும் நடக்கும். அந்த நேரத்தில் போகிறவருக்குத் தரிசனத்தோடு தொன்னையில் காலை உணவும் கிடைத்துவிடும்.

எடுத்துச் செல்வன

பை கனக்கக் கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு அல்லது தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, கைவிளக்கு, ஒரு தடி, காயத்துக்கான துணிக்கட்டு ஆகியவை போதும். செருப்பு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஏரலுக்குக் கிழக்கே வழியோரமெல்லாம் உடைமரமும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. அவற்றின் முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலைத் தொட்டுவிடும். அடி தடித்த, பின்பட்டை வைத்த செருப்பு நல்லது. வரப்புச் சேற்றில் மூடிய ஷூவை விட அதுவே தோது, ஏனென்றால் கழுவினால் நடந்துகொண்டே காய்ந்துவிடும். தின்பதற்கு உடன்குடிக் கருப்பட்டியில் இரண்டு சில்லும், ஒரு கை பொரிகடலையும் மடியில் இருந்தால் எந்த இடத்திலும் மயங்கி விழ மாட்டீர்கள். அல்வாவை ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்; நடக்கும்போது அது தாகத்தைத்தான் கூட்டும்.

முதல் நாள்: பறம்பும் அணையும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் 24 கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. பேருந்தில் வருவது எளிது. ரயிலில் வருகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஸ்ரீவைகுண்டம் என்று பெயர் தாங்கிய நிலையம் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது, ஸ்ரீவைகுண்டம் ஊரோ வடகரையில் இருக்கிறது. இறங்கியவுடன் ஊர் வந்துவிட்டது என்று எண்ணித் திகைக்காமல், மேற்கே திரும்பி முதலில் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிட்டுப் பிறகு அணை வழியாக ஆற்றைக் கடப்பதே முறை. திருநெல்வேலியிலிருந்தே நடக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க அந்த வழியில் பேருந்தை விட்டு இறங்குவது வேறு. திருச்செந்தூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதில் பழமையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

ஊரார் பறம்பு என்று சொல்லும் செம்மண் மேடு ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புடையது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் மேடு சும்மா கிடந்தது. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது, சிறிய பரப்பிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் திறந்த தளக் காட்சியகத்தில், தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின்மேல் நின்று கீழே பார்க்கும்போது, வாய் உடைந்த தாழியும் அதன் பக்கத்தில் சாய்ந்த சிறு கலயமும் தெரியும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதாது; ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பறம்பின்மேல் எங்கு நடந்தாலும் கருப்பும் சிவப்புமான ஓடுகள் காலில் தட்டுப்படும். குனிந்து பார்க்கலாம், எடுத்துப் பையில் போடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எதையும் எடுத்துப் போவது சட்டப்படிக் குற்றம் என்பது ஒரு காரணம். ஓடு கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தால், அது வெறும் உடைந்த சட்டியாகிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த மேட்டில் ஏன் விதைக்காமல் புதைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அதன் உச்சியில் நின்று வடக்கே பார்க்க வேண்டும். காலடியில் சரளை, எதிரே ஆறு வரை பச்சை. நீர் ஏறும் நிலத்தை நெல்லுக்கு விட்டு, நீர் ஏறாத மேட்டை மாண்டவர்க்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் ஊருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சாலையோரத்தில் நடக்க நேரும் இடங்களில் வண்டிகளை எதிர்நோக்கி, வலப்பக்கமாகவே நடக்க வேண்டும்; பின்னால் வரும் வண்டியின் ஒலியை மட்டும் நம்பி நடப்பது இந்தச் சாலையில் ஆகாது. ஆற்றைக் கடக்கும் இடத்தில் இருப்பதுதான் ஸ்ரீவைகுண்டம் அணை. தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் இதுவே கடைசி. மற்ற ஏழும் இதற்கு மேற்கே இருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டினார்கள். வடகால், தென்கால் என இரண்டு வாய்க்கால்கள் இங்கிருந்து பிரிகின்றன. வடகால் பெருங்குளம் முதலிய குளங்களை நிரப்பிக்கொண்டு, தூத்துக்குடியை ஒட்டிய கோரம்பள்ளம் வரை போகிறது. இனி நமக்கு வழித்துணை இந்த வடகால்தான். அணைமேல் நின்று நீர் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணைக்குக் கீழே மணற்பரப்பில் இறங்கிக் குளிக்கும் ஆசை எழும். உள்ளூரார் குளிக்கும் படித்துறை தவிர வேறு எங்கும் இறங்க வேண்டாம்; மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் தெரிவதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் கோயிலைப் பார்த்துவிட்டு, கிழக்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் நத்தம் எனப்படும் வரகுணமங்கை. அதற்கடுத்து ஒரு கிலோமீட்டரில் திருப்புளியங்குடி. இந்த மூன்று ஊரும் ஒரு நடையில் அடங்குபவை என்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சான்று ஒன்று நம் கையில் இருக்கிறது. எதிர்க்கரையில் குருகூரில், அதாவது இன்றைய ஆழ்வார்திருநகரியில், பிறந்த நம்மாழ்வார், புளிங்குடியில் கிடந்தும் வரகுணமங்கையில் இருந்தும் வைகுந்தத்தில் நின்றும் தம் உள்ளத்தில் புகுந்த பெருமாளை ஒரே மூச்சில் பாடியிருக்கிறார். கிடந்த கோலம், இருந்த கோலம், நின்ற கோலம் என்ற அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவனுக்கு அதுவே வழிக்குறிப்பு. திருப்புளியங்குடியில் சன்னிதியில் முகத்தைச் சேவித்தபின், வெளியே வலம் வரும்போது சுவரில் உள்ள சாளரத்தின் வழியாகத் திருவடியைக் காணலாம். வலம் வராமல் திரும்பிவிடுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

முதல் நாளை இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான் ஆகியிருக்கும்; ஆனால் நின்று பார்த்த நேரத்தைச் சேர்த்தால் காலை முழுதும் போயிருக்கும். ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பி, பேருந்தில் திருநெல்வேலிக்கோ திருச்செந்தூருக்கோ போய்த் தங்கிக்கொள்ளலாம். தங்கும் விடுதிகள் இரண்டு ஊரிலும் தாராளம். மாலையில் கால் ஒத்துழைத்தால் தென்கரையில் ஆழ்வார்திருநகரிக்குப் போய், நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளியைப் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டாம் நாள்: குளங்களின் வழியாகக் கடலை நோக்கி

இன்றைய நடை பதினெட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே முதல் வெளிச்சத்தில் திருப்புளியங்குடியிலிருந்து கால் எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த நேரத்து வயலைத்தான் பனிக்கால நடையின் பயன் என்று சொல்வேன். பிசானம் எனப்படும் பருவத்து நெற்பயிர் தொண்டைக் கதிர் பிடித்து நிற்கும். அதன்மேல் பனி ஒரு முழ உயரத்துக்கு மிதக்கும். வாழைத் தோட்டத்து இலைகளிலிருந்து சொட்டும் ஓசை மழை பெய்வதுபோலக் கேட்கும். அறுவடை மாசி, பங்குனியில்தான் என்பதால், வரப்புகளில் ஆள் நடமாட்டம் குறைவு. வரப்பில் நடக்கும்போது தடியால் முன்னே தட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணாடிவிரியன் நெல்வயலை விரும்பும் பாம்பு, பெரும்பாலும் மிதித்தால் கடிக்கும். கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. காலை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போவதே வழி. நாய்களுக்கும் தடி உதவும், ஓங்குவதற்கு அல்ல, கையில் இருப்பது தெரிவதற்கு. ஓடினால் துரத்தும், நின்று மெல்ல நகர்ந்தால் ஊர் எல்லையோடு நின்றுவிடும்.

பழைய வழியில்தான் நடக்கிறோமா என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. தோள் உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டுக் குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்த சுமைதாங்கி இருந்தால், அது தலைச்சுமைக்காரர் நடந்த தடம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். நான்கு தூணோடு நிற்கும் கல்மண்டபம், அதனருகே படி இறங்கும் ஊருணி, வாய்க்கால் ஓரத்தில் முதிர்ந்த மருதமரங்கள், ஊர் எல்லையில் சுடலைமாடன் பீடம் ஆகிய நான்கில் இரண்டு சேர்ந்திருந்தாலே அந்த இடத்தில் ஒரு வழி நெடுங்காலமாக இருந்தது என்று கொள்ளலாம். சுடலைமாடன், இசக்கியம்மன் பீடங்களின் முன்னே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடப்பதும், கேட்காமல் படம் எடுக்காதிருப்பதும் மரியாதை.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'கொற்கைக்கு எப்படிப் போவது' என்று கேட்டால், எல்லோரும் பேருந்து நிறுத்தத்தைத்தான் காட்டுவார்கள். 'அண்ணாச்சி, பெருங்குளத்துக்குக் கரை வழி எது, வண்டித் தடம் இருக்கா' என்று அடுத்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். களை பறித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் என்னிடம், "நடந்தா போறீய? பஸ் வரும்லா" என்று இரண்டு முறை கேட்டு, நான் சிரிப்பதைப் பார்த்தபின், "அப்பம் வாய்க்காலை விட்டுராதீய, அது கொண்டு விட்டுரும்" என்றார். நான் இத்தனை பத்தியில் எழுதியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். தொலைவு கேட்டால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 'அந்தா தெரியுதுலா' என்று சொன்னால் அது குறைந்தது இரண்டு கிலோமீட்டர்.

எட்டு கிலோமீட்டர் அளவில் பெருங்குளம் வரும். பெயருக்கேற்ற குளம், தை மாதத்தில் நிறைந்திருக்கும். கரைமேல் ஏறி நின்றால் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் மஞ்சள்மூக்கு நாரையும் கண்ணில் படும். வலசை வந்த ஊசிவால் வாத்துகள் நடுநீரில் கூட்டமாக மிதக்கும். தாமிரபரணிக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பது இதனால்தான். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இங்கே அரை நாளைத் தொலைத்துவிடுவார்கள்; அவர்கள் பயணத்தை மூன்று நாளாக்கிக்கொள்வது நல்லது. பெருங்குளத்துக்கு அருகிலேயே சிவகளை. அங்கே தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் வந்திருக்கிறது. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள் என்பதால் பார்க்க வேண்டிய பொருள் அங்கே அதிகம் இல்லை. ஆனால் அந்த நெல்லைப் பற்றிப் படித்தவருக்கு, அதே ஆற்று நீரில் இன்றும் நிற்கும் நெல்லைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது காலின் வேகம் தானாகக் குறையும்.

பெருங்குளத்தில் மாயக்கூத்தர் கோயிலைப் பார்த்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மங்களக்குறிச்சி வழியாக ஏரலுக்கு இறங்க வேண்டும். நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களையும் முடிக்க விரும்புகிறவர்கள் இடையில் இரட்டைத் திருப்பதிக்கு விலகிப் போய் வரலாம். அதற்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கூடும். ஏரலில் நண்பகலைக் கழிக்க வேண்டும். கடைவீதி பெரியது, சாப்பாடு, தண்ணீர், தேவையானால் புதுச் செருப்புகூடக் கிடைக்கும். இதற்குமேல் கொற்கையில் கடைகளை எதிர்பார்க்கக் கூடாது. மூன்றரைக்குப் புறப்பட்டால், ஐந்து கிலோமீட்டரை ஐந்து மணிக்குள் நடந்துவிடலாம். இந்தக் கடைசித் துண்டில் நிலம் மாறுவதைக் கவனியுங்கள். வாழையும் வெற்றிலையும் குறைந்து, மணல் கலந்த மண்ணும் பனையும் உடைமரமும் கூடிவரும். காற்றில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். கடல் கண்ணில் படாது.

கொற்கையில் என்ன பார்ப்பது

இடிந்த கோட்டையும் கல்தூணும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம் தரும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு, பாண்டியரின் முத்துக்குளித்துறை இங்கே இருந்ததையும், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே குளித்ததையும் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி இதைக் கொல்கொய் என்று எழுதி வணிகத்துறை என்று குறித்தார். சங்கப் பாடல்களில் கொற்கை என்றால் முத்துதான். இன்று அந்தத் துறையில் வயலும் குளமும் இருக்கின்றன. கடல் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்கத் தூர்க்க, துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயல் என்ற ஊர் ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் வந்தன. ஆறு ஒரு துறைமுகத்தைக் கட்டி, அதே ஆறு அதை நிலமாக்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வயலும் குளமுமாகக் கிடக்கும் இந்த ஊர்தான் நீங்கள் பார்க்க வந்த சான்று என்பது விளங்கும்.

பார்க்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஊருக்குள் இருக்கும் வன்னிமரம். இரண்டாயிரம் ஆண்டு மரம் என்று ஊரார் சொல்வார்கள். வயது எவ்வளவாயினும், முறுக்கிச் சாய்ந்த அந்த அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் வரக் கூடாது. கால்டுவெல் 1870களில் இந்த ஊரைச் சுற்றி ஆராய்ந்த பின்னரே, கிரேக்கர் எழுதிய இடம் இதுதான் என்பது பலருக்கும் தெரிந்தது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்து எடுத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் தோண்டியபோது செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. அடுத்து, குளக்கரையில் உள்ள வெற்றிவேல் அம்மன் கோயில். மாலை வெயில் குளத்தின்மேல் சாயும் நேரத்தில் அங்கே இருக்குமாறு கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் அக்கசாலை என்றொரு சிற்றூர். பொன்வேலை செய்யும், காசு அடிக்கும் பட்டறைக்குத்தான் அந்தச் சொல். ஊர்ப்பெயரே கல்வெட்டுப்போல நிற்கிறது. புதிதாக உழுத நிலத்தின் ஓரமாக நடக்கும்போது சங்குத் துண்டுகள் மண்ணில் வெண்மையாகத் தெரியும். அவற்றுக்கும் பறம்பில் சொன்ன விதியே பொருந்தும். பார்க்கலாம், எடுக்க வேண்டாம்.

திரும்புவதற்கு ஏரலுக்குப் போகும் கடைசிச் சிற்றுந்தின் நேரத்தை, ஊருக்குள் நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மரத்தையும் குளத்தையும் பார்த்த பிறகு கேட்டால் அது போயிருக்கும். தவறவிட்டவர்கள் ஏரலிலிருந்து ஆட்டோ வரவழைத்துக்கொள்ளலாம். இருட்டியபின் அந்த ஐந்து கிலோமீட்டரை நடக்கத்தான் வேண்டும் என்றால், கரைவழியை விட்டுவிட்டுத் தார்ச்சாலையிலேயே கைவிளக்கை எரியவிட்டு நடங்கள்.